அருஞ்சொற்கள் படித்த வருடம்

என் கணவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்ல முடியாது. மட்டக்களப்புக் கோட்டைக்குள் இருந்த கச்சேரியில், அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், அவர் தற்காலிகக் கிளாக்கராக இருந்தார். காலையிலிருந்து மாலை வரை ஆங்கிலத்தில்தான் எழுதினார். ஆனால் எழுதியதையே திரும்பத் திரும்ப எழுதினார். தங்கள் கடிதம் கிடைத்தது, தாழ்மையுடன் அறியத் தருகிறேன், மேற்படி காணியின் வடக்கு எல்லை, தெற்கு எல்லை. இவற்றுக்கு வெளியே ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் பேனை நின்றுவிடும். நிரந்தர வேலை வேண்டுமானால் கொழும்பில் நடக்கும் கிளாக்கர் சோதனையில் தேற வேண்டும். எங்கள் கலியாணத்துக்கு முன்பே அவர் அதை எழுதித் தவறியிருந்தார்.

கச்சேரியின் பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். ஒரு நாள் என் கணவரைக் கூப்பிட்டு, உம்மிடம் இருப்பது கந்தோரில் கடிதம் எழுதும் ஆங்கிலம், சோதனைக்காரர்கள் கேட்பது வேறு ஆங்கிலம் என்று சொல்லி, தன் அலுமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். நன்றாகப் படித்தவர்கள் மட்டும் எழுதும் சொற்களை அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பொருளும் ஒரு வாக்கியமும் போட்ட புத்தகம் அது. அட்டை போன இடத்தில் காக்கித் துணி ஒட்டியிருந்தது. அதைப் பைசிக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு ஆரையம்பதிக்கு வந்து, முற்றத்தில் நின்றபடியே என்னிடம் நீட்டினார்.

"நீ கேட்டியெண்டா நான் சொல்லுவன்," என்றார். "எனக்கு நானே கேட்டுப் படிக்க ஏலாது புள்ள."

நான் புளியந்தீவில் மிஷன் பெண் பாடசாலை விடுதியில் தங்கிப் படித்தவள். வெள்ளைக்கார அம்மா ஒருவர் எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்தார். மேல் வகுப்புக்குப் போக வேண்டிய வருடத்தில் கலியாணம் வந்தது. அவர் என் மாமாவின் மகன். சின்ன வயதிலிருந்து மச்சான் என்று கூப்பிட்டவரை அதற்குப் பிறகும் அப்படியே கூப்பிட்டேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் பிறந்த கல்வீடு எனக்கே சீதனமாக வந்தது. அவர் அந்த வீட்டுக்கு வந்தார். அம்மா வளவின் பின்பக்கம் கிடுகு வேய்ந்த சின்ன வீட்டுக்கு மாறிக்கொண்டார். அப்பா பெரும்பாலும் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் வயல் இருந்த வட்டையிலேயே தங்கிவிடுவார்.

இரண்டாம் உலக யுத்த காலம். மண்ணெண்ணெய் அளந்துதான் கிடைத்தது. விளக்கு வைத்துப் படிக்க வழியில்லை. ஆகையால் விடிந்த கையோடு படித்தோம். நான் குசினியில் பிட்டு அவிப்பேன். அவர் குசினி வாசலில் சின்னக் கண்ணாடியைச் சாத்தி வைத்துக்கொண்டு முகம் வழிப்பார். புத்தகம் என் பக்கத்தில் அரிசிப் பெட்டிக்கு மேல் விரித்தபடி இருக்கும். நான் ஒரு சொல்லை வாசிப்பேன். அவர் முதலில் ஆங்கிலத்தில் பொருள் சொல்ல வேண்டும், பிறகு தமிழில், பிறகு அதை வைத்து ஒரு வாக்கியம். தெரியாவிட்டால் நான் சொல்லிக் கொடுத்து, அடுத்த நாள் அதையே முதலில் கேட்பேன்.

சில சொற்கள் அவருக்குச் சிரிப்பாக இருந்தன. 'ப்ரெக்கிஷ்' என்று வாசித்து, சிறிது உப்புக் கலந்த நீர் என்று பொருளையும் வாசித்தபோது, சவரக்கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். சவர்த்தண்ணிக்கு இவ்வளவு பெரிய சொல்லா என்று கேட்டார். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல்தரை. அதில் இருந்த எங்கள் கிணறு ஆவணி மாதத்தில் முழுவதும் ப்ரெக்கிஷ்தான். அன்று முழுவதும் குடிக்கத் தண்ணீர் கேட்கும்போதெல்லாம் அந்தச் சொல்லைச் சொன்னார்.

பொருளைச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் அவருக்கு மனதில் நிற்காது. சொல்லை உடைத்து உள்ளே ஒரு தமிழைத் தேடுவார். 'கேண்டிட்' என்றால் ஒளிக்காமல் பேசுகிறவன். அதை அவர், கண்டிட்டுச் சொல்லுறவன் என்று வைத்துக்கொண்டார். 'கேலஸ்' என்றால் இரக்கமில்லாதவன். அதற்குள் கல் இருக்கிறது என்றார். மிஷன் அம்மா கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பார். சோதனைத் தாளில் இதையெல்லாம் எழுத முடியாதே என்று நான் சொன்னேன். எழுதுவதற்கு அல்ல, பிடித்து வைத்துக்கொள்வதற்கு என்றார். அப்படிப் பிடித்து வைத்த எந்தச் சொல்லையும் அவர் பிறகு மறந்ததில்லை. எனக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது.

மகள் வைகாசியில் பிறந்தாள். எங்கள் வீட்டு நடு அறையில், ஊர் மருத்துவிச்சியின் கையில். துடக்குக் காலத்தில் அவர் அறைக்குள் வரக் கூடாது என்பதால் கதவுக்கு வெளியே பாய் போட்டு இருந்து, சொல்லையும் பொருளையும் தானே உரக்க வாசிப்பார். பிழையாக உச்சரித்தால் நான் உள்ளேயிருந்து திருத்துவேன். பச்சைப் பிள்ளையின் காதில் விழுகிற முதல் பேச்சு இதுவா என்று அம்மா கோபித்துக்கொண்டார். அவர் அதற்கும் சிரித்தார்.

பிள்ளை வளர வளர அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டாள். காலையில் அழுதால் அவர் மடியில் வைத்துக்கொண்டு முந்திய நாள் படித்த சொற்களைத் தாளம் போட்டுச் சொல்வார். நீளமான சொற்கள் என்றால் அவளுக்கு விருப்பம். வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். கச்சேரிக்கு நேரமாகிவிட்டது என்று நான் சொன்னால், இன்னும் ஒன்று என்பார். ஐப்பசியில் அவள் கை ஊன்றி இருக்கப் பழகியிருந்தாள்.

கார்த்திகையில் புத்தகத்தின் 'எம்' எழுத்துக்கு வந்திருந்தோம். ஒரு காலை 'மோரிபண்ட்' என்ற சொல் வந்தது. சாகும் நிலையில் இருப்பது என்று பொருள். அவருக்கு அந்தச் சொல் வாயில் நுழையவில்லை. கச்சேரியில் குளக்கட்டைப் பண்ட் என்றுதான் எழுதுவார்கள். அது அவருக்கு நன்றாகத் தெரிந்த சொல். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "குளத்து பண்டில இரிந்து மோர் குடிக்கிறவன்," என்றார். "சாகப் போறவன் கடைசியா மோர் கேட்டானாம்." நான் சிரித்ததில் பிட்டுக் குழல் சரிந்துவிட்டது. பிள்ளையும் நாங்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த நாள் கேட்டபோது அவர் யோசிக்காமலே பொருளைச் சொன்னார்.

பிறகு மழை பிடித்தது. மார்கழியில் எங்கள் பக்கத்தில் மழை பெய்வது புதினமல்ல. அந்த வருடம் விடாமல் பெய்தது. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஆறு ஏறி வளவின் பின்வேலி வரை வந்து நின்றது. காத்தான்குடிப் பக்கம் தெருவுக்கு மேலால் தண்ணீர் ஓடுகிறது என்றார்கள். அவர் இரண்டொரு நாள் கச்சேரிக்குப் போகவில்லை. அந்த நாட்களில்தான் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது.

காய்ச்சல் அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்தது. குளிரும், நடுங்கும், வியர்க்கும், விடும், மறுபடி வரும். டிஸ்பென்சரியில் அப்போதிக்கரி கொயினா கரைத்த மருந்து தந்தார். கசப்புக்கு அவள் துப்பினாள். தேனில் தடவிக் கொடுத்தோம். ஒரு நாள் விட்டது. அன்று பால் குடித்து, கையைத் தட்டி விளையாடவும் செய்தாள். மறு நாள் காலையில் உடம்பு அடுப்புக் கல் போலக் கிடந்தது. கண் மேலே சொருகி, கையும் காலும் இழுத்தன. அம்மா நெற்றியில் திருநீறு பூசினார். என் கணவர் வெளியே ஓடிப் போய்த் தோணிக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

தெருவால் போக முடியாது. ஆற்றால்தான் புளியந்தீவுக்குப் போனோம். நான் பிள்ளையை மடியில் வைத்திருந்தேன். அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் மேலே பனையோலைப் பாயைப் பிடித்திருந்தார். என் கணவர் தோணியின் தண்ணீரைச் சிரட்டையால் இறைத்துக்கொண்டே வந்தார். கரை தெரியவில்லை. பிள்ளையின் மூச்சு என் கழுத்தில் சுட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பயந்தேனா என்று கேட்டால் தெரியாது. எப்போது போய்ச் சேருவோம் என்று கூட நினைக்கவில்லை.

ஆசுபத்திரியில் பிள்ளைகளின் வாட்டில் ஒரு கட்டில் தந்தார்கள். டாக்குத்தர் இளம் வயதுக்காரர், எங்கள் பக்கத்துக்குப் புதியவர். தமிழ் அவருக்கு வராது. கேட்பதை ஆங்கிலத்தில் கேட்பார், நேர்ஸ் அதைத் தமிழில் எங்களிடம் கேட்பாள். என் கணவர் மடித்துக் கட்டிய சாரனோடு, முழங்கால் வரை சேறோடு நின்றார். கச்சேரி உடுப்பில் வந்திருந்தால் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லியிருப்பார். அன்று வாய் தமிழில்தான் திறந்தது. எப்போது காய்ச்சல் தொடங்கியது, எத்தனை முறை இழுத்தது, என்ன மருந்து கொடுத்தது, எல்லாம் நேர்ஸ் வழியாகப் போனது.

டாக்குத்தர் பிள்ளையின் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றை அழுத்தினார். ஊசி ஒன்று போட்டார். அப்போது கூட அவள் அழவில்லை. பிறகு நிமிர்ந்து, நேர்ஸைப் பார்த்து, சாதாரணக் குரலில் ஆங்கிலத்தில் பேசினார். சத்தத்தைக் குறைக்கவுமில்லை. எங்களுக்கு விளங்காது என்று நினைத்திருப்பார். அதில் மோரிபண்ட் என்று சொன்னார். தாயிடமே பிள்ளையை விட்டுவிடுங்கள், இனித் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றும் சொன்னார்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு வந்தது அழுகையல்ல. ஒரு குளக்கட்டு வந்தது. அதில் ஒருவன் குந்தியிருந்து சிரட்டையில் மோர் குடித்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகுதான் பொருள் வந்தது. பொருள் வந்த பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. கட்டிலின் இரும்புக் காலில் பச்சை மைப்பூச்சு உரிந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிலின் மற்றப் பக்கத்தில் நின்ற அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் எப்போதும் போல இருந்தது. அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். டாக்குத்தர் விரைவாகப் பேசினார், இவர் அதைத் தவறவிட்டிருப்பார் என்று நினைத்தேன். சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

அம்மா அவரின் தோளைத் தொட்டார்.

"மருமகன், டாக்குத்தர் என்ன சொல்றார்?"

"ஊசி போட்டிருக்காம் மாமி," என்றார். "பாப்பமாம்."

நேர்ஸ் வந்து, யோசிக்க வேண்டாம், மருந்து உடம்பில் ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். மற்றத் தாய்மாரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்க விடாதவள் எனக்கு ஒரு கதிரை கொண்டு வந்து தந்தாள். அம்மா அதைப் பார்த்து, நல்ல மனம் உள்ள பெண் என்றார்.

அடுத்த நாள் மத்தியானம், வெளியே மழை விட்டு வெயில் எறித்த நேரத்தில், பிள்ளை போய்விட்டாள். என் மடியில்தான். மூச்சு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. நேர்ஸ் வந்து குனிந்து பார்த்துத்தான் சொன்னாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பக்கத்துக் கட்டில்காரி வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவள் கையில் இருந்த வெற்றிலைச் சாற்றின் மணம்தான் தெரிந்தது.

அதே தோணியில் திரும்பினோம். தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது. எங்கள் கடற்கரைப் பக்கத்து மயானத்தில் ஆண்கள் கொண்டு போய்ப் புதைத்தார்கள். படுவான்கரையிலிருந்து அப்பா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மயானத்துக்குப் பெண்கள் போவதில்லை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். நானும் அழ வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. இவளுக்கு நெஞ்சு இறுகிவிட்டது, அழவிடுங்கள் என்று யாரோ சொன்னார்கள். யார் அதைச் சொன்னது, எந்தச் சேலை கட்டியிருந்தாள் என்பது கூட எனக்குத் தெரிகிறது. என்ன உணர்ந்தேன் என்பது மட்டும் தெரியவில்லை.

பால் கட்டிக்கொண்டது. சட்டை நனையும். அம்மா மல்லிகைப் பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். வலித்தது. ஆனால் அது அடுத்த வீட்டில் யாருக்கோ வலிப்பதைக் கேள்விப்படுவது போல இருந்தது. சில நாளில் அதுவும் நின்றது. பிட்டு அவித்தேன். முற்றம் கூட்டினேன். தண்ணீர் அள்ளினேன். அவர் கச்சேரிக்குப் போய் வந்தார். போறன் என்பார். வாங்க என்பேன். வந்துட்டன் என்பார். வேறு பேச்சு இல்லை. கோபமில்லை. பேசுவதற்கு எதை எடுத்தாலும் அது பிள்ளையில் போய் முடியும் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு காலை, முகம் வழித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைப் பார்த்தபடியே, "புத்தகத்தை எடு புள்ள," என்றார். சோதனைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்திருந்தது அவருக்கு. எனக்கு அது அப்போதுதான் தெரியும்.

எடுத்தேன். விட்ட இடத்தில் வைத்த வைக்கோல் துண்டு அப்படியே இருந்தது. ஆர் எழுத்தின் நடுப்பகுதி. 'ரெஸ்பிட்' என்று வாசித்தேன். ஆங்கிலத்தில் பொருள் சொன்னார். சிறு ஓய்வு என்று தமிழில் சொன்னார். ஒரு வாக்கியம் சொன்னார். சரி. அடுத்த சொல். சரி. அடுத்த சொல். இடையில் வேறு ஒன்றும் இல்லை. எந்தச் சொல்லையும் அவர் உடைத்துப் பார்க்கவில்லை. உள்ளே தமிழ் தேடவில்லை. ஆனாலும் முன்பு ஒரு காலையில் ஐந்தாறு சொல் போவதற்கே பாடுபட்டவருக்கு இப்போது ஒரு பக்கம் முழுவதும் போனது. நான் திருத்த வேண்டியதும் குறைந்தது. சொன்னதெல்லாம் நின்றது.

மாலையிலும் படிக்கத் தொடங்கினோம். வெளிச்சம் இருக்கும் வரை முற்றத்தில் பாய் போட்டு இருப்போம். எங்கள் வேலியைக் கடந்து போகிறவர்கள், பிள்ளை செத்த வீட்டில் இரண்டு பேரும் இங்கிலிசு பாடமாக்குகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அம்மா அதை வந்து சொன்னார். இதைக் கொஞ்ச நாள் நிறுத்தக் கூடாதா என்றும் கேட்டார். நிறுத்தினால் என்ன செய்வது என்று நான் திருப்பிக் கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு, நாங்கள் படிக்கும்போது பக்கத்தில் வந்திருந்து கிடுகு பின்னத் தொடங்கினார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. இருட்டும் வரை இருந்துவிட்டுப் போவார்.

புத்தகம் முடிந்தது. முதலிலிருந்து மறுபடி தொடங்கினோம். ஏ, பி, சி எல்லாம் அவருக்கு மறந்திருக்கும் என்று நினைத்தேன், மறக்கவில்லை. எம் எழுத்தில் அந்தப் பக்கம் வரும் நாளை நான் மனதில் கணக்கு வைத்திருந்தேன். அந்தப் பக்கம் வந்தது. மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு வந்தேன். அந்தச் சொல்லையும் வாசித்தேன். என் குரல் மாறவில்லை. அவர் பொருள் சொன்னார். அவர் குரலும் மாறவில்லை. வாக்கியம் கேட்டேன். புத்தகத்தில் இருந்த வாக்கியத்தையே சொன்னார். அடுத்த சொல்லுக்குப் போனேன். அவருக்கு அன்று ஆசுபத்திரியில் விளங்கவில்லை என்ற என் எண்ணம் அதோடு உறுதியாகிவிட்டது. விளங்கியிருந்தால் இப்படிச் சொல்ல முடியுமா என்று நினைத்தேன். நான் எப்படி வாசித்தேன் என்பதை நினைக்கவில்லை.

மாசி முடியும் போது அவர் கொழும்புக்கு ரயில் ஏறினார். நான்கைந்து நாளில் திரும்பி வந்தார். எப்படி என்று நான் கேட்கவில்லை. சாப்பிடும்போது அவராகவே சொன்னார். நாங்கள் படித்த சொற்களில் ஓரிரண்டுதான் கேட்டிருந்தார்களாம். நீளமான ஒரு பந்தியைக் கொடுத்துச் சுருக்கி எழுதச் சொன்னதற்குத்தான் நிறையப் புள்ளி. ஒரு கட்டுரை. கணக்கு. அவ்வளவுதான். "அந்தப் புத்தகத்தில முக்கால்வாசி சும்மா," என்றார். சொல்லிவிட்டுக் கறியை ஊற்றிப் பிசைந்தார். எனக்கு அது வீண் என்றும் தோன்றவில்லை, வீணில்லை என்றும் தோன்றவில்லை. அந்த மாதங்கள் போயிருந்தன. அது போதுமாக இருந்தது.

புத்தகத்தைப் பெரிய கிளாக்கரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த நாள் காலை பிட்டு அவிக்கும்போது குசினியில் சத்தமே இல்லை. அவர் முகம் வழித்தார், நான் தேங்காய் துருவினேன். அந்தக் காலைகள்தான் பிள்ளை போன பிறகு வந்த நாட்களில் எனக்கு மிகவும் நீளமாக இருந்தன.

சோதனை முடிவு வருவதற்குப் பல மாதமாயிற்று. கச்சான் காற்று வெக்கையாக அடித்துக்கொண்டிருந்த ஒரு பகல், வழக்கத்துக்கு மாறாக அவர் மத்தியானமே வந்துவிட்டார். பைசிக்கிளைப் பூவரசில் சாத்திவிட்டு நேரே குசினிக்கு வந்தார். நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன்.

"பாசாகிற்றன் புள்ள," என்றார்.

நல்லது என்றேன். அவர் குசினி வாசலில், காலையில் முகம் வழிக்கும் அதே இடத்தில் இருந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை.

"அண்டைக்கு ஆசுபத்திரியில டாக்குத்தர் சொன்னது உனக்கு விளங்கினதா?"

"ஓம்."

"நான் உண்ட முகத்தைப் பாத்தன். ஒரு மாற்றமும் இல்ல. விளங்கல்ல எண்டு நினைச்சிற்றன்."

"நானும் உங்களப் பாத்து அப்பிடித்தான் நினைச்சன் மச்சான்."

பால் பொங்கி வழிந்து அடுப்பில் விழுந்தது. நான் இறக்கவில்லை.

"எனக்கு முதல்ல மோரும் குளக்கட்டும்தான் வந்தது," என்றார். "பிள்ளை அப்பிடிக் கிடக்கக்குள்ள. அதை யாருக்கிட்டச் சொல்லுற?"

"எனக்கும் அதுதான் வந்தது."

அவர் தலையை ஆட்டினார். நாங்கள் அழவில்லை. கட்டிக்கொள்ளவுமில்லை. பால் கருகிய மணம் வீடு முழுவதும் பரவி, அம்மா பின் வீட்டிலிருந்து என்ன என்று கேட்டுக்கொண்டு வந்தார். அவர் எழுந்து, சோதனை பாஸ் மாமி என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அடுப்பைத் துடைத்தார்.

வேலை பதுளையில் கிடைத்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் சீதன வீட்டை விட்டுப் புருஷனோடு வெளியூர் போவது அந்தக் காலத்தில் குறைவு. ஆண்கள் போவார்கள், லீவில் வருவார்கள். நான் போகிறேன் என்று சொன்னபோது அம்மா தடுப்பார் என்று நினைத்தேன். பெட்டியில் என் சேலைகளை அவரே மடித்து வைத்தார்.

பதுளை குளிரான ஊர். கிளாக்கர்மாருக்கென்று வரிசையாகக் கட்டிய சின்ன வீடுகளில் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. பக்கத்து வீட்டில் ஒரு சிங்களப் பெண், தபால் கந்தோர்க்காரரின் மனைவி. அவருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எனக்குச் சிங்களம் ஒரு சொல் தெரியாது. பகல் முழுவதும் இரண்டு பேரும் தனியாக இருந்தோம். பொதுத் தண்ணீர்க் குழாயடியில் கையைக் காட்டி எனக்குச் சொற்களைச் சொல்லித் தந்தார். வதுர என்றால் தண்ணீர். தர என்றால் விறகு. லுனு என்றால் உப்பு. நான் திருப்பிச் சொல்வேன். பிழையானால் திருத்துவார். சிரிக்கமாட்டார்.

தொடக்கத்தில் ஒரு நாள் அவர் தன் பிள்ளைகளைக் காட்டி, பிறகு என்னைக் காட்டி ஏதோ கேட்டார். பிள்ளை இருக்கிறதா என்று கேட்கிறார் என்பது விளங்கியது. எனக்கு அப்போது தெரிந்த ஒரே பதில் 'நே'. இல்லை என்று பொருள். அதைச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, இன்னும் காலம் இருக்கிறது என்பது போல என் கையைத் தட்டினார். தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சில மாதத்தில் கதைக்கக் கூடிய அளவுக்குச் சிங்களம் வந்தது. சந்தையில் பேரம் பேசுவேன். மழை வரும், துணியை எடுங்கள் என்பேன். ஒரு முற்பகல் அவர் வீட்டுக் குசினியில் இருந்து பலாக்காய் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு, பிசினைத் துணியால் துடைத்துத் துடைத்து வெட்டினார். அவருடைய கடைசிப் பிள்ளை தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, 'துவெக் ஹிட்டியா' என்று சொன்னேன். ஒரு மகள் இருந்தாள். இந்த ஊரில் யாருக்கும் அதைச் சொன்னதில்லை. எங்கள் ஊரில் சொல்லத் தேவையே இருக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். கையில் பிசின் இருந்ததால் என்னைத் தொடவில்லை. பலகையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் வந்திருந்தார். என்ன வியாதி என்று கேட்கவில்லை, எப்போது என்று கேட்கவில்லை. பெயர் என்ன என்று கேட்டார்.

சொன்னேன். அவருக்கு அது முதல் தடவையில் வாயில் வரவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். நான் மறுபடி சொன்னேன்.